மூடி திறக்கக் கற்பித்த பெரியவர்களுக்கு

வாகனத்தின் எண்ணெய் மூடியைத் திறப்பது 2022க்கு முன்னர் பதுளையில் யாரும் பொருட்படுத்தாத வேலை. சாரதி ஆசனத்தருகே உள்ள பிடியை இழுத்தால் சின்னக் கதவு விலகும், ஷெட் தம்பி மூடியைத் திருகிக் கழற்றி, “எவ்வளவுக்கு அண்ணே?” என்பான். அவ்வளவுதான். அந்த மூடி திறக்கும் நேரத்துக்காக, சாமி தேர் ஏறும் நேரத்துக்குப் போல, எங்களை இரவு பகலாகக் காத்திருக்க வைத்த பெருமை, நாட்டை நடத்திய பெரியவர்களே, உங்களையே சேரும்.

உங்கள் தாராள மனத்துக்கு ஈடு உண்டா? 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறக்கினீர்கள். திறைசேரிக்கு வரவேண்டியதை வேண்டாம் என்ற அரசைச் சரித்திரம் எத்தனை கண்டிருக்கும்? ரூபாவின் மானம் காக்கக் கையிருப்பு டொலர்களையும் வாரி விட்டீர்கள். கடைசியில் எண்ணெய்க் கப்பல்கள் கொழும்புக் கடலில் காசுக்குக் காத்து நின்றன. பதுளையில் நாங்கள் கப்பலுக்குக் காத்து நின்றோம். கடலையும் மலையையும் ஒரே வரிசையில் நிறுத்தியவர்கள் நீங்கள்.

அளவோடு வாழவும் கற்பித்தீர்கள். 2022 ஏப்ரல் 15 முதல் காருக்கு 5,000 ரூபாவுக்கும், ஓட்டோவுக்கு 1,500 ரூபாவுக்கும், மோட்டார் சைக்கிளுக்கு 1,000 ரூபாவுக்கும்தான் எண்ணெய். ஆண்டுத் தொடக்கத்தில் 177 ரூபா விற்ற ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ஆனது. தோட்டத்தில் ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவளின் ஆயிரம் ரூபாவுக்கு இரண்டு லீற்றர். அறுபது ரூபாவை அவளிடமே மிச்சம் விட்ட உங்கள் இரக்கத்தை மறக்க மாட்டோம்.

பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் வந்து பார்த்தால் தெரியும்: லயத்தில் ஒருவருக்கு இரவில் வலி கண்டால் ஓட்டோதான் அம்புலன்ஸ். மலை ஏறி, குழி விழுந்த தோட்டத்து ரோட்டில் முக்கி முனகிப் போகும் அந்த வண்டி, கீழ்நாட்டு வண்டியைவிடக் கூடுதலாகவே குடிக்கும். உங்கள் கணக்குக்கு மலையும் ஒன்று, சமவெளியும் ஒன்று. அப்படியொரு சமத்துவம்!

அதே பதுளை மாவட்டத்து ஹல்துமுல்லையில், 2022 மே மாதம், பிறந்து இரண்டே நாளான குழந்தைக்கு மஞ்சட்காமாலை கண்டது. தகப்பன் பெற்றோல் தேடி அலைந்தார், நேரம் போனது. ஒருவழியாக ஹல்துமுல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தும் பிள்ளை பிழைக்கவில்லை. பிரேத பரிசோதனை செய்த தியத்தலாவை ஆஸ்பத்திரியின் சட்ட மருத்துவ அதிகாரியே இதை ஊரறிய எழுதினார்.

அதற்குப் பிறகும் நீங்கள் நிதானம் இழக்கவில்லை. ஜூன் 27ஆம் திகதி, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எண்ணெய் என்று அறிவித்தீர்கள். சுகாதாரத்தை மறக்காமல் சேர்த்தீர்கள். ஆஸ்பத்திரி பட்டியலில் இருந்தது; ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிப் போகும் தோட்டத்து ஓட்டோ இல்லை. ஜூலையில் கியூஆர் அட்டை தந்து, ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்று வகுத்தீர்கள். ஓகஸ்டில் எண்ணெய் மூடியே இல்லாத ஏழைகளையும் நினைத்துக்கொண்டீர்கள்: 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 340 ஆனது. லயத்துக் குப்பி விளக்குவரை உங்கள் கண் எட்டியது.

2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ உள்ளிட்ட உங்களில் பலரின் பெயரைச் சொல்லி, மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினீர்கள் என்று தீர்த்தது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா கொடுக்கவும் சொன்னது. ஹல்துமுல்லையில் பிள்ளையைப் புதைத்த வீட்டுக்கு நீங்கள் ஒரு சதமும் கொடுக்க வேண்டி வரவில்லை. அவர்கள் வழக்குப் போடவில்லையே.