கலாரசிகர் ஆவது எப்படி?

நல்ல வேலைப்பாட்டை ரசிக்கத் தெரிந்தவர் என்று நாலு பேர் சொல்ல வேண்டும், ஆனால் அதற்காக எதையும் நின்று பார்க்கிற சிரமம் மட்டும் கூடாது என்று நினைப்பவர்களுக்காக இந்தக் கையேடு. பயிற்சிக்களமாகப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கோயில், கோட்டை, மரச்சிற்பம், கைத்தறி எல்லாம் இங்கே உண்டு. தஞ்சாவூர் அளவுக்குக் கூட்டம் கிடையாது. ஆகவே நீங்கள் தப்பாகச் சொல்வதை மறுக்கவும் ஆள் குறைவு.

கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆரம்பிக்கலாம். காரை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்த்து, “அந்தக் காலத்துல எப்படித்தான் கட்டினாங்களோ!” என்று சொல்லிவிட வேண்டும். கேட்பதற்குக் கேள்வி மாதிரி இருந்தாலும், பதில் எதிர்பார்த்து யாரும் இதைக் கேட்பதில்லை. கூட வந்தவர்களில் ஒருவர் சாரம், மண் சாய்தளம், கயிறு, யானை என்று விளக்க ஆரம்பித்தால் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எடை. கல் எத்தனை டன் என்று கேட்டுவிட்டு, என்ன பதில் வந்தாலும் “அம்மாடி” என்று சொல்லவும். கோபுர நிழல் தரையில் விழாது என்ற செய்தியையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். அது தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிக் கிளப்பிவிட்ட கதை. அங்கேயும் நிழல் தினமும் ஒழுங்காக விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் என்ன, கதைக்குச் சுங்கச் சாவடி கிடையாது. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில் என்பதையும் ஒருமுறை சொல்லிவிட்டால், ஏன் சேர்த்தார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

விமானத்தின் உயரம் சுமார் 55 மீட்டர். தஞ்சையைவிடக் குறைவு. ஏன் என்று குழந்தைகள் கேட்பார்கள். அப்பாவுக்கு மரியாதை கொடுத்து மகன் குறைத்துக் கட்டினான் என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடலாம். முடிக்காவிட்டால் ஆபத்து, ஏனென்றால் இரண்டு விமானங்களுக்கும் உண்மையான வித்தியாசம் உயரத்தில் இல்லை. தஞ்சை விமானத்தின் விளிம்பு அடியிலிருந்து ஏறக்குறைய நேர்கோடாக ஏறும். ராஜேந்திர சோழன் காலத்தில், 1035-ஐ ஒட்டிக் கட்டிய இந்த விமானத்தில் அந்தக் கோடு மெல்ல உள்வாங்கிக் குழைந்து மேலே போகிறது. படுக்கைவாட்டில் அடுக்கிய கல்வரிசைகளில் வளைவு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒவ்வொரு வரிசையையும் கீழ் வரிசையிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி வைப்பது என்ற கணக்குதான் வளைவு. அந்தக் கணக்கும் மேலே போகப் போக மாறிக்கொண்டே இருக்கும். எங்காவது பிசகியிருந்தால் வான வெளிச்சத்தில் அப்பட்டமாகத் தெரிந்திருக்கும். இதைப் பார்க்கப் புல்தரையில் கொஞ்சம் தள்ளிப் போய்க் கால் மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். நமக்குக் கட்டுப்படியாகாது.

வடக்கு வாசல் படிக்கட்டுப் பக்கம் சண்டேச அனுக்கிரக மூர்த்தி இருக்கிறது. செல்ஃபிக்கு மிகவும் தோதான இடம். சிவன் உமையோடு அமர்ந்து, கீழே கைகூப்பிக் குனிந்திருக்கும் சண்டேசரின் தலையில் மாலையைச் சுற்றுகிறார். உங்கள் தலை சண்டேசரின் தலையை மறைக்கும்படி நின்றுகொண்டால் படம் கச்சிதமாக வரும். மாலையைப் பிடித்திருக்கும் விரல்களைத் தவறியும் கவனிக்க வேண்டாம். எதிரில் இருப்பது கருங்கல் என்பதே மறந்துபோகும். பூவின் கனத்துக்கு மேல் அந்தக் கைகளில் ஒரு பாரமும் இல்லை. தலையைக் கொடுத்திருப்பவர் முகத்தில் இருப்பது பயமா, நாணமா, நிம்மதியா என்று யோசிக்க ஆரம்பித்தால் பிறகு மதியச் சாப்பாடு தவறிவிடும். நல்லவேளையாக, சண்டேசர் என்ற பெயரில் அங்கே குனிந்திருப்பது ராஜேந்திரனேதான் என்று ஒரு கட்சி உண்டு. உடனே அந்த விவாதத்துக்குள் குதித்துவிடுங்கள். சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரை மணி நேரம் பேசலாம்.

பெரிய நந்தியைக் காட்டி “ஒரே கல்” என்று சொல்லுங்கள். அது ஒரே கல் அல்ல, கட்டி எழுப்பிச் சுதை பூசியது. சிங்க முகக் கிணற்றைக் காட்டி, கங்கையிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்த நீரை ராஜேந்திரன் இதில்தான் ஊற்றினான் என்று சொல்லுங்கள். அந்தச் சிங்க வாசல் உடையார்பாளையம் ஜமீன்தார் கட்டியது என்று 19-ஆம் நூற்றாண்டு எழுத்தில் அங்கேயே ஒரு கல்வெட்டு இருக்கிறது. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. சிங்கத்தின் வாய்க்குள் நுழைந்து படியிறங்கித் தண்ணீர் மொள்ளலாம் என்று கற்பனை செய்த அந்த 19-ஆம் நூற்றாண்டுக் கொத்தனாருக்குச் சேர வேண்டிய பாராட்டும் சோழர் கணக்கிலேயே போய்ச் சேருகிறது.

பழைய வேலையின் அருமை தெரிந்தவர்கள் என்றால் 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டிய வெள்ளைக்காரப் பொறியாளர்களைத்தான் சொல்ல வேண்டும். நன்றாகச் செதுக்கிய கல் எது என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார்கள். கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் பிரித்து அணைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நம் ஊர்க்காரர்களின் ரசனையும் சளைத்ததல்ல. பக்கத்து மாளிகைமேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980-இல் அகழாய்வைத் தொடங்குவதற்கு நெடுநாள் முன்பே, சோழர் அரண்மனைச் செங்கல்லின் உறுதியை உணர்ந்து அதைத் தோண்டியெடுத்து வீடு கட்டிக்கொண்டவர்கள் உண்டு.

கீழையூர் இரட்டைக் கோயிலுக்குப் போனால், ‘பொன்னியின் செல்வன்’ படத்தில் பழுவேட்டரையர்களாக நடித்த சரத்குமாரையும் பார்த்திபனையும் பற்றி மட்டும் பேசவும். பழுவேட்டரையர் காலத்து, 9-ஆம் நூற்றாண்டுக் கோயில்கள் என்பது பேச்சுவாக்கில் வந்தால் தப்பில்லை. ரஞ்சன்குடிக் கோட்டை இன்னும் சௌகரியம். சென்னை – திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியே இருப்பதால் காரை நிறுத்தாமலே ரசித்து முடித்துவிடலாம்.

இவை எல்லாவற்றையும்விட நான் சிபாரிசு செய்வது சாத்தனூர் கல்மரம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் சாய்ந்த மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. மனிதக் கை படாத வேலை. ஆகவே கூலி, விலை, முன்பணம் என்ற பேச்சே எழாது. மனம் திறந்து பாராட்டலாம்.

இனி வீட்டுப் பாடம். தாத்தா கட்டிய ஓட்டு வீடு ஒன்று கிராமத்தில் இருந்தால் அதை இடிக்கவும். அதன் சுவரில் சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுச் செக்கில் அரைத்து, நாள்கணக்கில் புளிக்கவைத்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பூச்சு இருக்கும். கை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். கடப்பாறைக்குச் சீக்கிரம் மசியாது, பொக்லைன் சொல்லிவிடுங்கள். அரியலூர்ப் பூமியில் ஒரு காலத்தில் கடலடியாக இருந்த சுண்ணாம்புக்கல் ஏராளம். தோண்டினால் சிப்பியும் நத்தையும் கல்லாகக் கிடைக்கும். அதை அரைத்து மூட்டை மூட்டையாக மாநிலம் முழுக்க அனுப்ப, அரசின் டான்செம் தொடங்கித் தனியார் பெரும்புள்ளிகள்வரை வரிசையாக ஆலைகள் இருக்கின்றன. சுண்ணாம்பு அதே சுண்ணாம்புதான். அதைப் புளிக்கவைத்துக் காத்திருக்கத் தெரிந்த கொத்தனார்தான் குறைந்துபோனார்.

பழைய நிலைக்கதவை மறக்காமல் மரக்கடைக்காரருக்கு எடைக்குப் போடுங்கள். அவர் அதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவது ஒரு சொகுசு விடுதிக்கு விற்பார். நீங்கள் ஓர் இரவு அங்கே அறை எடுத்துத் தங்கி, அந்தக் கதவைத் தடவிப் பார்த்து, “இந்த மாதிரி எல்லாம் இப்ப யார் செய்யறா?” என்று பெருமூச்சு விட்டால் பயிற்சியின் இந்தப் பகுதி நிறைவுபெறும்.

யார் செய்கிறார்கள் என்பதற்குப் பதில் அரும்பாவூரில் இருக்கிறது என்பதுதான் சங்கடம். பச்சைமலை அடிவாரத்தில், வேப்பந்தட்டை வட்டத்தில் இருக்கும் ஊர். அங்கேயும் பக்கத்துத் தழுதாழையிலும் தலைமுறை தலைமுறையாக மரச்சிற்பம் செய்கிறார்கள். சாமி சிலைகள், கோயில் வாகனங்கள், தேர்ச் சிற்பங்கள். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, அத்தி, வேம்பு, மாவிலங்கை என்று மரத்துக்கு மரம் வேலை மாறும். சிற்ப சாஸ்திரக் கணக்குப்படி தாளில் வரைந்து, மரத்தில் படியெடுத்து, பெரிய உளியால் வேண்டாததைத் தள்ளி, பிறகு சின்ன உளிகளுக்கு வருவார்கள். மரத்தின் ரேகை ஓடும் திசைக்கு எதிராக உளி போனால் சிம்பு பெயர்ந்துவிடும். மூக்கு நுனியில் அப்படி ஆனால் அதுவரை செய்த வேலை அத்தனையும் அடுப்புக்கு. அந்த மூக்கு நுனியைத்தான் அவர்கள் நமக்கு விலை சொல்கிறார்கள்.

இங்கே பேச வேண்டிய முறை கீழ்வருமாறு. ஆயிரம் வருஷத்துக்கு முன் செத்துப்போன சிற்பியைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் “தெய்வச் சிற்பி” என்று சொன்ன அதே வாயால், எதிரே உளியோடு உட்கார்ந்திருக்கும் நரைத்த தலைக்காரரை “என்னப்பா” என்று கூப்பிடவும்.

“என்னப்பா, இந்தப் பிள்ளையார் என்ன விலை?”

“பதினெட்டாயிரம் ஆகும்ங்க. ரெண்டு பேர் மூணு வாரம் பார்த்த வேலைங்க ஐயா.”

“மரம்தானேப்பா?”

“மரம்தாங்க.”

“மெஷின்ல போட்டா ஒரே நாள்ல முடியுமே?”

“முடியுங்க. மெஷின் வேலையில முகம் எல்லாத்துக்கும் ஒண்ணா இருக்கும்ங்க.”

“ஏழுக்குத் தர்றியா?”

அவர் சிரித்துக்கொண்டே அரத்தை எடுத்து வேலையைத் தொடர்வார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பவும். ஊருக்குப் போய் இயந்திரக் கடைசல்காரரிடம் காட்டலாம். திரும்புகிற வழியில் பேரங்காடியில் நின்று, தொழிற்சாலைப் பிசின் பொம்மை ஒன்றை அட்டையில் ஒட்டிய விலைக்கே, வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். உடையார்பாளையம், இலையூர்ப் பக்கம் பட்டு நெய்கிறவர்களிடமும் இதே பாடத்தை நடத்தலாம். சேலையின் பின்பக்கத்தைப் புரட்டி, பார்த்தது போலத் தலையாட்டிவிட்டு, தள்ளுபடி எவ்வளவு என்று கேட்டால் போதும்.

கடைசியாக, அபாயமான பகுதி. பெரம்பலூர் வட்டாரத்தில் செட்டிகுளம் பக்கம் போகும்போது வயலோரத்தில் நீளமான, ஒடுக்கமான கூரைகளைப் பார்ப்பீர்கள். குடிசை என்று நினைத்துக் கடந்துவிடுவது உத்தமம். அது சின்ன வெங்காயப் பட்டறை. தரையில் கல்லோ கட்டையோ போட்டு, மேலே குச்சிகளைப் பரப்பி, காற்று அடியிலிருந்து ஏறும்படி மேடை கட்டுவார்கள். இரண்டு பக்கமும் தட்டி, மேலே ஓலை. வெங்காயம் அதிகமாக இருந்தால் பட்டறையின் நீளத்தைக் கூட்டுவார்களே தவிர அகலத்தைக் கூட்ட மாட்டார்கள்; கூட்டினால் நடுவில் இருக்கிற காய்க்குக் காற்றுப் போகாமல் அழுகிவிடும். விலை இறங்கிக் கிடக்கும்போது மாதக்கணக்கில் சரக்கைக் காப்பாற்றி வைத்திருந்து, ஏறும்போது விற்க இந்தக் கூரைதான் துணை. மின்சாரம் கிடையாது, கட்டடக் கலைஞர் கிடையாது, திறப்பு விழாக் கல்வெட்டும் கிடையாது. வேலை முடிந்ததும் பிரித்து அடுக்கிவிடுவார்கள். எந்தக் குச்சியை எவ்வளவு இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தீர்களானால் இந்தக் கையேட்டினால் உங்களுக்கு இனிப் பயனில்லை. பார்ப்பதற்குப் பழகிவிட்ட கண் பிறகு வீட்டிலும் சும்மா இருக்காது. முறத்தின் விளிம்புக் கட்டு, கயிற்றுக் கட்டிலின் பின்னல், அம்மி கொத்தியவரின் உளித்தடம் என்று ஒவ்வொன்றாக வம்புக்கு இழுக்கும்.

அப்படி யாராவது கெட்டுப்போயிருந்தால் அவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் பெயர் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று அந்தக் கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது; தன் பெயரோடு தச்சன் பெயரையும் கல்லில் இடம்பெறச் செய்வதில் மன்னனுக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இருக்கவில்லை. பெரம்பலூரிலிருந்து அரும்பாவூருக்குப் பேருந்து உண்டு. போய், சொன்ன விலையைக் கொடுத்து ஒரு சிற்பம் வாங்குங்கள். செய்தவர் பெயரைக் கேளுங்கள். பீடத்தின் அடியில் அவர் கையாலேயே அதைச் செதுக்கித் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் அதையும் கொடுங்கள்.