பட்டியல் முதலில், கதை பிறகு

வாசிப்பு ஆய்வாளர் கென்னத் குட்மேன் 1965இல் 'எலிமெண்டரி இங்கிலீஷ்' என்ற அமெரிக்க இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் முதலில் சொற்பட்டியலை வாசித்தார்கள். பிறகு அதே சொற்கள் வரும் கதையை வாசித்தார்கள். பட்டியலில் தவறிய சொற்களில் பாதிக்கும் மேல் கதையில் சரியாக வந்தன. ஆகவே எல்லாம் கதைச் சூழலின் மகிமை என்று முடிவாயிற்று. ஏற்கெனவே ஒருமுறை பார்த்த சொல் என்பதாலும் வந்திருக்கலாமே என்ற எளிய சந்தேகத்துக்கு ஆய்வில் இடமே இல்லை. ஒத்திகை பார்த்துவிட்டு வந்த நடிகர் வசனம் மறக்காததற்கு மேடை விளக்கைப் பாராட்டிய கதைதான். 1991இல் ஆய்வாளர் டாம் நிக்கல்சன் வாசிக்கும் வரிசையை மாற்றிப் பார்த்தார். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளிடம் அந்த ஆதாயம் பெரும்பாலும் காணாமற்போனது, தடுமாறும் பிள்ளைகளிடம் எஞ்சியது.

முன்னோடி ஆய்வில் இப்படிக் குற்றம் பார்க்கலாமா என்று கேட்பார்கள். முன்னோடிக்கு மன்னிப்பு உண்டு. அந்த ஆய்வைச் சோதிக்காமல் மேற்கோள் காட்டியே பாடத்திட்டம் கட்டியவர்களுக்கு அது பொருந்தாது. பலர் மேற்கோள் காட்டியதே சான்றாகாதா என்றால், நூறு பேர் வழிமொழிந்தாலும் சோதனை ஒன்றுதான். மொழிக்கல்விக் கட்டுரை கைக்கு வந்தால் முடிவுரையைப் பிறகு ரசிக்கலாம். செய்முறைப் பகுதியை முதலில் படியுங்கள்.