ஒளி, ஒலி, பூந்தமல்லி

அந்தக் கால 'ஒளியும் ஒலியும்' போல இன்னொரு நிகழ்ச்சி வரவில்லை என்று என் கணவர் புலம்புகிறாரே, அதில் அப்படி என்னதான் இருந்தது?
– வாசகி, அம்பத்தூர்

வெள்ளிக்கிழமை இருந்தது! வாரத்துக்கு ஒரு தடவை, தூர்தர்ஷன் போட்டதுதான் பாட்டு. இன்று இளையராஜா மொத்தமும் கைப்பேசியில். பல்லவி முடிவதற்குள் விரல் அடுத்ததற்குத் தாவிவிடுகிறது.

'பிக் பாஸ்' ஒரு நாள் விடாமல் பார்க்கிறேன். தப்பா?
– வாசகர், பூந்தமல்லி

பக்கத்து வீட்டுச் சண்டையை எட்டிப் பார்ப்பது தப்புதான்! 2017-இல் முதல் சீசனுக்கே செட் போட்டது உங்கள் பக்கத்துச் செம்பரம்பாக்கத்தில், ஈவிபி ஃபிலிம் சிட்டியில். அதே வளாகத்தில்தான் 2020 பிப்ரவரியில், 'இந்தியன் 2' படப்பிடிப்பின்போது கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். மூவருமே திரைக்குப் பின்னால் வேலை பார்த்தவர்கள்.