அம்பயருக்குப் பாடம் எடுப்பது எப்படி?

அமெரிக்காவில் உங்கள் பையன் லிட்டில் லீக் பேஸ்பால் ஆடுகிறான். விதிப்புத்தகத்தை நீங்கள் தொட்டதில்லை. தொடவும் வேண்டாம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவருக்கு அது எதற்கு?

1. மடக்கு நாற்காலியை முதல் பேஸ் பக்கம் வேலியோரமாகப் போடுங்கள். பந்து ஹோம் பிளேட்டுக்கு மேலே போனதா, விலகிப் போனதா என்று அங்கிருந்து தெரியாது. ஆகவே ஒவ்வொரு பந்துக்கும் ஸ்டிரைக்கா, பாலா என்று உரக்கத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

2. எதிரணிப் பையன் விரலில் பந்து பட்டு, அம்பயர் அவனை முதல் பேஸுக்கு அனுப்புகிறாரா? “மட்டையைப் பிடித்த கையும் மட்டைதான்!” என்று கத்துங்கள். கிரிக்கெட்டில் அப்படித்தான். பேஸ்பாலில் கை வெறும் கைதான். அடுத்து உங்கள் பையன் விரலில் படும்போது அதை நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

3. ஓடுகிறவனும் பந்தும் ஒன்றாக வந்தால் சந்தேகத்தின் பலன் ஓடுகிறவனுக்கு. உங்கள் அணி ஃபீல்டிங் செய்யும்போது இந்த விதி செல்லாது.

4. இப்போது இன்ஃபீல்ட் ஃப்ளை. இதில்தான் நீங்கள் பிரகாசிக்க வேண்டும். முதல் இரண்டு பேஸிலோ மூன்றிலுமோ ஆள் நிற்கிறார்கள். இரண்டு அவுட் இன்னும் ஆகவில்லை. பேட்டர் அடித்த பந்து அருகிலேயே கொக்குமாதிரி மேலே எழும்புகிறது. இன்ஃபீல்டர் சுலபமாகப் பிடித்துவிடலாம். பந்து கீழே வருமுன்பே அம்பயர் கையைத் தூக்கி, பேட்டர் அவுட் என்கிறார். இல்லாவிட்டால் ஃபீல்டர் வேண்டுமென்றே கேட்சைக் கோட்டைவிட்டு, ஓடத் தயங்கி நிற்பவர்களில் இரண்டு பேரை அவுட்டாக்கிவிடுவான். 19ஆம் நூற்றாண்டிலேயே அடைத்த ஓட்டை இது. ஆனால் வேண்டுமென்றே கேட்ச் விடுகிற ஆளை நீங்கள் சேப்பாக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? இல்லையே. “பிடிக்கவே இல்லை, எப்படி அவுட்?” என்று எழுந்து நில்லுங்கள். துணைக்கு ஆள் உண்டு: 2012இல் அட்லாண்டாவில், மேஜர் லீக் ஆட்டத்திலேயே, இந்தத் தீர்ப்புக்காக ரசிகர்கள் மைதானத்தில் குப்பையை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். நீங்கள் வீச வேண்டாம். கையில் இருப்பது எவர்சில்வர் பாட்டில்.

அடுத்த முறை அதேபோலப் பந்து எழும்பி அம்பயர் சும்மா நின்றால், “இன்ஃபீல்ட் ஃப்ளை!” என்று நீங்களே அறிவித்துவிடுங்கள்.

5. அம்பயர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர். சில மைதானங்களில் பள்ளிக்கூடப் பிள்ளை. குரலை உயர்த்த இதைவிடத் தோதான ஆள் வாய்க்காது. விதியைப் பற்றிக் கேட்கும் உரிமை அணி மேலாளருக்கு மட்டுமே. ஸ்டிரைக்கா பாலா என்பதில் அவரும் வாதாட முடியாது. பெற்றோருக்கோ உரிமை என்று எதுவும் புத்தகத்தில் இல்லை. இல்லாத உரிமைக்கு வரம்பு ஏது?

6. வீடு திரும்பும்போது காரில் பையனுக்கு இன்ஃபீல்ட் ஃப்ளையை முழுசாக விளக்குங்கள். “அப்பா, அப்போ ஏற்கெனவே ரெண்டு அவுட் ஆயிடுச்சு” என்பான். பாட்டுச் சத்தத்தைக் கூட்டுங்கள்.