எழுபது சிசியும் ஏறிய மூட்டையும்

மன்னன் இல்லாத கோட்டை, நீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பழைய மொபெட்டுகளை ஓட்டியவர்கள் கம்ப்ரஷன் இல்லாத இன்ஜினையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்.

1980இல் டிவிஎஸ் 50 வந்தபோது இரண்டு பேர் உட்காரலாம் என்பதே செய்தி. நம்மவர்கள் அதை 'இரண்டு பேரும், கூடவே தோல் பதனிடும் ஆலைக்குப் போகும் உப்புத் தோல் மூட்டையும்' என்று படித்துக்கொண்டார்கள். பின்னால் வந்த எக்ஸ்எல் சூப்பருக்கு 69.9 சிசி, சூட்டைத் தணிக்க எதிர்க்காற்று மட்டுமே. கத்திரி வெயிலில் ரயில்வே கேட்டில் நிற்கும் வண்டிக்கு அந்தக் காற்றை யார் அனுப்புவது? ஃபின் இடுக்கெல்லாம் உப்பும் சேறும். பெட்ரோலில் கலக்கும் ஆயிலிலோ முதலாளியின் சிக்கனம். அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கட் புஸ்ஸென்று ஊதும். உடனே அனுபவசாலி ஒருவர் கொதிக்கும் இன்ஜின்மேல் குடத்துத் தண்ணீரை ஊற்றி, மிச்ச வளைவையும் முடித்துவைப்பார்.

மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி, கண்ணாடிமேல் விரித்த எமரித் தாளில் தேய்த்துச் சமமாக்குவார். புது கேஸ்கட் வைத்து, நட்டுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார்.

"இனிமே லோடு கம்மியா ஏத்துங்க பாய்."

பாய் தலையாட்டுவார். 2015இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்ததும், அதே பாய் முதலில் விசாரித்தது மைலேஜை அல்ல, கேரியரின் அகலத்தை.