53-ஆம் கேள்வியின் திருவடிகளுக்கு

கொரிய மொழித் திறன் தேர்வு நடத்தும் மேன்மை தாங்கிய ஐயன்மீர், அம்மையீர்,

அன்சானிலிருந்து அடியாள் எழுதுவது. ஷிஃப்ட் முடிந்து அரக்கப் பரக்க மாலை வகுப்புக்கு ஓடினால், நேற்று வாத்தியாரம்மா என்னை எழுந்து நிற்கச் சொன்னார். மாதிரித் தேர்வில், வரைபடத்தை விவரிக்கச் சொல்லும் 53-ஆம் கேள்விக்கு நான் எழுதிய விடையை வகுப்புக்கே உரக்க வாசித்தார். "பழைய வடகொரியப் படத்துல வர்ற கிழவி மாதிரி இல்ல?" என்றார். முதலில் சிரித்தவன் வியட்நாம் பையன். கொரியா வந்து வருஷம்கூட ஆகாதவன். அவனுக்கு 30-க்கு 26. எனக்கு 6.

தங்கள் மேல் தப்பே இல்லை. என் வளர்ப்பு அப்படி. தாஷ்கென்ட் பக்கத்துக் கூட்டுப்பண்ணையில் என்னை வளர்த்த பாட்டி, ஒருநாளாவது ஒரு வரைபடத்தை விவரித்திருப்பாளா? "சோறு ஆறுது, வந்து கொட்டிக்கோ" என்பாள். "கடந்த ஆண்டுடன் ஒப்பிடுகையில் சோற்றின் வெப்பநிலை கணிசமாகக் குறைந்துள்ளது, இதற்கான காரணங்கள் பின்வருமாறு" என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கேரட்டைச் சீவி, பூண்டும் மிளகாயும் போட்டு மொர்கோவ்ச்சா பிசைவாள். கிம்ச்சிக்கேற்ற முட்டைக்கோஸ் கிடைக்காததால் கேரட்டின் பயன்பாடு உயர்ந்தது, இனியும் உயரும் என எதிர்பார்க்கப்படுகிறது என்று 200 எழுத்துக்குக் குறையாமல், 300-க்கு மிகாமல் அவள் சொல்லித் தந்திருந்தால் நான் இன்று ஆறாம் நிலை.

வினைமுற்றில் மரியாதை சேர்த்தாலும் கட்டுரையில் மதிப்பெண் போகும் என்கிறார்கள். பாட்டியிடம் அப்படி மொட்டையாகப் பேசியிருந்தால் பல் போயிருக்கும்.

கேட்டல் பகுதியில் தங்கள் கருணையோ கருணை! 21-ஆம் கேள்வியிலிருந்து ஒவ்வொன்றையும் இரண்டு தடவை ஒலிக்க விடுகிறீர்கள். பாட்டி ஒரு தடவைதான் சொல்வாள். அடுத்தது கரண்டி பேசும். அதனால் கேட்டலில் எனக்குக் குறையே இல்லை. என் கேட்டல் மதிப்பெண்ணையும் எழுத்து மதிப்பெண்ணையும் அருகருகே பட்டை வரைபடமாகப் போட்டால் தரமான 53-ஆம் கேள்வி ஒன்று தேறும். எடுத்துக்கொள்ளுங்கள், உரிமை கோரமாட்டேன்.

தாய்மொழி கொரியனாக இல்லாத வெளிநாட்டுக் கொரியரும் அயல்நாட்டவரும் மட்டுமே இத்தேர்வை எழுதலாம் என்பது தங்கள் விதி. ஆக, விசாவில் நான் கொரிய வம்சம். தங்கள் விண்ணப்பத்தில் அந்த மொழிக்கு அந்நியள். பாட்டி பேசியதாவது கொரியன்தானா என்றால் அதுவும் சிக்கல். தர மொழி என்பது பண்பட்டவர்கள் பரவலாகப் பேசும் இக்காலச் சியோல் பேச்சு என்று 1988-இல் வகுத்துவிட்டார்கள். பாட்டி சியோலைக் கண்ணால் கண்டதில்லை. அவளுடையது வடக்கே ஹம்க்யோங் பக்கத்துப் பழைய பேச்சு. பண்பு எப்படி என்று அந்தக் கரண்டியைத்தான் கேட்கவேண்டும்.

விடைத்தாளின் கட்டங்களும் அழகு. பத்தி தொடங்கினால் முதல் கட்டம் காலி. எழுத்து என்றால் கட்டத்துக்கு ஒன்று, எண் என்றால் கட்டத்துக்கு இரண்டு இலக்கம். 1937 என்று எழுதிப் பார்த்தேன். இரண்டே கட்டத்தில் அடங்கிவிட்டது. அந்த வருஷம் சோவியத்தின் கிழக்குக் கோடியிலிருந்த சுமார் 1,70,000 கொரியரை, ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்று சொல்லி, ஸ்டாலின் அரசு சரக்கு ரயிலில் ஏற்றி கஜகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் இறக்கியது. மறு வருஷம் கொரியப் பள்ளிகளை ரஷ்ய மொழிக்கு மாற்றியது. அதனால் பாட்டிக்குக் கொரியனை எழுதச் சொல்லித்தர ஒரு பள்ளிக்கூடம் இல்லை. வாயிலேயே வைத்துக் காப்பாற்றி என் காதில் போட்டாள். அதைச் சிவப்பு மையால் சுழிக்க எவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கொரியர் எண்ணிக்கை ஒரே இலையுதிர்காலத்தில் அந்தக் கிழக்குக் கோடியில் அதலபாதாளத்துக்குச் சரிந்ததே, அதற்கு எழுதுங்கள் பார்க்கலாம் 'காரணங்கள் பின்வருமாறு', 300 எழுத்துக்குள்!

மன்னிக்கவும். தொனியில் கணிசமான ஏற்றம் காணப்பட்டது. தற்போது இறங்குமுகம்.

அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டேன். தாங்கள் மனமிரங்கித் தேர்ச்சி தந்தாலும் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். அதன்பின் என் கொரியன் காலாவதி. மறுபடியும் தங்கள் வாசலுக்கே வருவேன், கட்டணத்தோடு. இதனால் தங்கள் வருமானத்தில் ஏற்படும் உயர்வையும் அதற்கான காரணங்களையும் தாங்களே விவரித்துக்கொள்ளலாம். எழுத்து வரம்பு கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் விதிப்படி முழுத் தகுதி பெற்ற அந்நியள்