காஸ்கெட்டும் முதல் பிரதியும்

தேனாம்பேட்டையில் வாடகைக்கு வீடு பார்த்தபோது வீட்டுக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். மெட்ரோ வாட்டர் வருமா, மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா, வண்டி நிறுத்த இடம் உண்டா. அக்கம்பக்கத்தில் புத்தகக் கடை எத்தனை என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்காமல் விட்ட அந்த நாலாவது கேள்வியை மாதம் முதல் தேதியானால் என் மனைவி ஞாபகப்படுத்துவாள்.

இளங்கோ சாலையில் பாரதி புத்தகாலயம். அண்ணா சாலை குணா கட்டடத்தில் சாகித்திய அகாதெமி. பத்ரி சேஷாத்ரியின் கிழக்கு பதிப்பகம் எல்டாம்ஸ் சாலையில் இருந்த நாட்களில் மொட்டை மாடியிலேயே கூட்டம் போட்டார்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ‘பொன்மாலைப் பொழுது’ நிகழ்ச்சி. கொஞ்சம் தள்ளிப் போனால் கே.கே. நகரில் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூரில் பனுவல். இதெல்லாம் போதாதென்று ஜனவரியில் பக்கத்து நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சியே வந்து இறங்கிவிடுகிறது, 10 சதவீதத் தள்ளுபடியோடு. அந்தத் தள்ளுபடியில் நான் மிச்சம் பிடித்த பணத்துக்கு வீட்டில் இன்னொரு அலமாரி செய்தோம்.

புத்தகக் கடைக் கூட்டங்களுக்கு நான் வாசகனாகப் போகிறேன் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போகப் போகத்தான் கணக்கு புரிந்தது. நாற்பது நாற்காலி போட்டிருப்பார்கள். எழுத்தாளர், அவர் வீட்டார் நாலு பேர், பதிப்பாளர், பேசுகிறவர்கள் ஐந்து பேர், போட்டோ எடுப்பவர். வந்தவர்களில் இவர்களைக் கழித்தால் மிச்சம் இரண்டு பேர். ஒருவர் மாடியில் டியூஷன் விட்டு வரும் பிள்ளைக்காகக் காத்திருப்பவர். இன்னொருவன் நான். நைசாக நழுவலாம் என்று கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தால், “முன்னாடி வாங்க சார், காலியாத்தானே இருக்கு” என்று கடைக்காரர் கையைப் பிடித்து அழைத்துப் போவார். அதற்குப் பிறகு எழுந்து போனால் அது வெளிநடப்பு.

வரவேற்புரை, வாழ்த்துரை, அறிமுகவுரை, ஏற்புரை, நன்றியுரை எல்லாம் முறைப்படி நடக்கும். “நேரமின்மை கருதி” என்று ஒருவர் தொடங்கினால் நாற்பது நிமிடம் நிச்சயம். இத்தனை வருட நாற்காலி அனுபவத்தில் எனக்கு ஒரு கலை கைவந்திருக்கிறது. பேசுகிறவர் புத்தகத்தைப் படித்தாரா என்று கண்டுபிடித்துவிடுவேன். அட்டைப்படத்தைப் புகழ்ந்தால் உள்ளேயே போகவில்லை. முன்னுரையைப் புகழ்ந்தால் வாசல்படியில் செருப்போடு நின்றிருக்கிறார். நேரே மார்க்வெஸ்ஸுக்குப் போய்விட்டால், வழியில்தான் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கிறார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் நானும் இரண்டு புத்தகங்களுக்கு மதிப்புரை பேசியிருக்கிறேன்.

கூட்டத்தைச் சமாளித்துவிடலாம். கடைக்காரரின் பரிந்துரைதான் ஆபத்து. நான் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு நாள், “ஏதாவது நல்லதா சொல்லுங்களேன்” என்று வாயைக் கொடுத்தேன்.

“கடைசியா என்ன படிச்சு முடிச்சீங்க சார்?”

படித்தீர்கள் என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். ‘முடிச்சீங்க’ என்றுவிட்டார். ‘பொன்னியின் செல்வன்’ என்றேன். எல்லாரும் சொல்கிற பதில்தான். உண்மை என்னவென்றால், கல்கி 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதி முடித்த ஐந்து பாகங்களில் நான் கல்லூரி நாளில் தொடங்கிய முதல் பாகம் இன்னும் ஏரிக்கரையிலேயே நிற்கிறது. கதை தொடங்குவதே வீராணம் ஏரியில்தானே. அந்த ஏரித் தண்ணீர் சுமார் 230 கிலோமீட்டர் குழாயில் ஓடி 2004-ல் சென்னைக்கே வந்து சேர்ந்துவிட்டது. என் வந்தியத்தேவன் மட்டும் குதிரையை விட்டு இறங்கவில்லை. 2022-ல் மணிரத்னம் படம் எடுத்துக் காப்பாற்றியிருக்காவிட்டால் அவன் தஞ்சாவூர் போனானா என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

கடைக்காரர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். டாக்டர்கள் நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. உள்ளே போய் ஒல்லியாக ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’.

“முதல்ல இதை முடிங்க சார். அப்புறம் பேசலாம்.”

அவமானமாகத்தான் இருந்தது. ஜனரஞ்சக டானிக் கேட்டுப் போனவனுக்குக் கஷாயம் கொடுத்து அனுப்பின மாதிரி. ஆனால் அன்று ராத்திரி எடுத்தவன் மறுநாள் ராத்திரி முடித்துவிட்டேன். தண்ணீருக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஒரு தெரு அப்படியே கண்ணெதிரே வந்து நின்றது. தி. நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர் அவர். நான் அதே பூங்காவில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டு நடுராத்திரி எழுந்து போய் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்தேன் என்றால் நம்புங்கள். தண்ணீர் வந்தது. “யாரு அது பாத்ரூம்ல?” என்று குரலும் வந்தது.

ஆளைப் பார்த்துப் புத்தகம் கொடுக்கிற இந்த வித்தை எல்லாருக்கும் வராது. கன்னிமாரா ஓட்டலில் ‘கிகிள்ஸ்’ கடை நடத்திய நளினி செட்டூருக்கு அது உண்டு என்பார்கள். கூரை வரை புத்தகம் அடுக்கியிருந்தாலும் உங்களுக்கான ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவாராம். கையிலிருக்கும் போன் எனக்கு இதுவரை பரிந்துரைத்ததெல்லாம் ‘முப்பது நாளில் பணக்காரர் ஆவது எப்படி’ வகைதான். என்னைப் பற்றி அதற்கு எல்லாம் தெரியும் என்கிறார்கள். என் பேங்க் கணக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அரிசியை ஊறவைத்துவிட்டு, குக்கர் காஸ்கெட் தளர்ந்துபோய் ஆவி ஒழுகுகிறது, மூன்று லிட்டருக்கு ஒன்று வாங்கி வாருங்கள் என்று மனைவி அனுப்பினாள். பாத்திரக் கடை பத்து நிமிட நடை. வழியில் ஒரு புத்தகக் கடை வாசலில் பேனர் தெரிந்தது. எட்டிப் பார்த்ததுதான் நான் செய்த குற்றம்.

நூலை வெளியிட ஆள் வந்துவிட்டார். முதல் பிரதி பெற்றுக்கொள்ள வேண்டியவர் வரவில்லை. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை அண்ணா சாலையில் அப்போது மேம்பால வேலை நடந்துகொண்டிருந்ததே, அதில் எங்கோ காருக்குள் இருக்கிறாராம். கடைக்காரர் கண்ணை ஓட்டினார். நின்றிருந்தது நான் ஒருவன்தான்.

“சார், நீங்க வாங்கிக்குங்களேன்.”

நான் வாங்கிக்கொண்டேன். கைதட்டல், பன்னிரண்டு பேர். தோளில் சரிகைக் கரை போட்ட சால்வை. கேமராவைப் பார்த்துப் புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொன்னார்கள். என் கல்யாணத்துக்குப் பிறகு என்னை யாரும் அப்படி நிற்கவைத்ததில்லை. முதல் பிரதி பெறுபவர் காசு கொடுத்துத்தான் பெற வேண்டும் என்ற மரபு கீழே இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. 640 பக்கம். விலை 650 ரூபாய், தள்ளுபடி போக 585. காஸ்கெட் காசும் அதில் அடக்கம்.

வீட்டுக்குப் போவதற்கு முன்பே போட்டோ போய்விட்டது. “அப்பா, உங்களை ‘மூத்த வாசகர்’னு போட்டிருக்காங்க” என்று மகள் வாசலிலேயே சொன்னாள். அவள் அம்மா சால்வையை மேலும் கீழும் பார்த்தாள்.

“காஸ்கெட் எங்கங்க?”

அன்று ராத்திரி உப்புமா.

சால்வையை மறுநாள் அடுப்பு மேடை துடைக்க எடுத்தாள். பாலியஸ்டர். ஒரு சொட்டுத் தண்ணீரை இழுக்கவில்லை. மேடையில் இருந்ததை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளியது. இப்போது அது படிக்காத புத்தக அடுக்கின் மேல் தூசிக்குப் போர்த்தியிருக்கிறது. நாவலில் நான் 31-ம் பக்கத்தில் இருக்கிறேன். எழுத்தாளர் அன்றே என் நம்பரை வாங்கிக்கொண்டார். போன வாரம், “வாசித்தீர்களா?” என்று வாட்ஸ்ஆப் வந்தது. யோசித்து, “அட்டைப்படம் அபாரம்” என்று அனுப்பினேன். என்னைவிட அதிகமாகக் கூட்டம் பார்த்தவர் அவர். “புரிகிறது, நன்றி” என்று பதில் போட்டார்.

இருந்தாலும் நகரத்துப் பதிப்பாளர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் பிரதி பெறுகிறவர் டிராபிக்கில் மாட்டிக்கொண்டால் தயங்காமல் சொல்லியனுப்புங்கள். எல்டாம்ஸ் சாலைப் பக்கம் எங்கிருந்தாலும் நடந்தே வந்துவிடுவேன். முடிந்தால் சால்வைக்குப் பதில் பருத்தித் துண்டாகப் போடுங்கள்.